அம்மா வருகிற பெட்டி

— இருபத்தாறு மணி நேரமா அப்பா வயித்துல ரெண்டு மடக்கு பாலைத் தவிர ஒண்ணும் இறங்கல. நீ என்னடான்னா கடைக்காரர் காட்டற ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குறை கண்டுபிடிச்சுக்கிட்டு நிக்கறே, குட்டி.

— குறை சொல்லல அண்ணா. இதுல நீல விளக்கு எரியுது. அப்பா படத்தை விட்டுட்டு அதையே பாத்துக்கிட்டிருப்பாரு.

— விளக்குதானே மேடம்? கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டினா கதை முடிஞ்சுது. இத்தனை வருஷமா கடை வச்சிருக்கேன், விளக்கு எரியலன்னு சண்டைக்கு வந்தவங்க உண்டு. எரியுதுன்னு வேணாம்னது நீங்கதான் முதல் ஆளு.

— ஏங்க, உங்ககிட்ட விஷயத்தை முழுசா சொல்லிடறேன். சிம்பிள். எங்க அப்பாவுக்கு மறதி நோய். அம்மா போயி ரெண்டு வருஷம் ஆச்சு, அது அவர் மனசுல நிக்க மாட்டேங்குது. ஆபரேஷனுக்குப் போறதுக்கு முந்தின நாள் அம்மாவே யோசிச்சு, இவ போன்ல ஒரு படம் எடுக்கச் சொன்னாங்க. சமையலறை வாசல்ல நின்னு, "நான் இப்ப வந்துடறேன், நீங்க சாப்பிடுங்க, ஆறிடப் போகுது"ன்னு. மூணு நாளைக்குன்னு எடுத்தது. அவங்க திரும்பி வரல. இன்னிக்கும் அதை டிவியில போட்டாத்தான் அப்பா தட்டுல கை வைப்பாரு.

— ஐயோ பாவமே.

— டிவியில மாட்டிப் படம் ஓட்டற அந்தப் பழைய பெட்டி, நான் வெளிநாட்டுலேருந்து வந்து இறங்கின நேரம் பாத்து நேத்து மண்டையப் போட்டுடுச்சு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். சுவிட்சைப் போட்டா அம்மா வரணும்.

— டிவி புதுசா சார்?

— புதுசு. போன வருஷம் நான்தான் வாங்கி அனுப்பினேன்.

— அப்போ பென்டிரைவை டிவியிலயே சொருகலாமே? பாருங்க, என் பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுக்கறேன்.

— சொருகிப் பாத்துட்டேன். முதல்ல கம்பெனி பேரு வருது. அப்புறம் கட்டம் கட்டமா ஏதேதோ வருது. அம்மா வர்றதுக்குள்ள ஆறு தடவை பட்டன் அமுக்கணும். அப்பா மிரண்டுபோயி எந்திரிச்சுடறாரு.

— புரிஞ்சுது மேடம். கரண்ட் வந்ததும் தானா ஓடணும். முடிஞ்சா மறுபடி முதல்லேருந்து ஓடணும். நடுவுல ஒரு பய தலையக் காட்டக் கூடாது. அவ்வளவுதானே? இந்தப் பெரிசைப் பாருங்க சார். நெட்டு, பாட்டு, விளையாட்டு, வாயால சொன்னாலே கேக்கும்...

— அப்பா ஏதாவது சொல்லி, அது பதில் பேசிட்டா?

— அதுவும் சரிதான். வேணாம், தள்ளி வச்சுடுவோம். இந்தாங்க, இது தங்கமான பெட்டி. உள்ளங்கை அகலம்தான். விலையும் கையைக் கடிக்காது. ஆனா படம் கண்ணாடி மாதிரி நிக்கும். உங்க பழைசு மஞ்ச, சிவப்பு, வெள்ளைன்னு மூணு வயர் வால் வச்சதுதானே?

— ஆமா.

— அதுல யாரைப் பாத்தாலும் தண்ணிக்குள்ள நின்னு பேசற மாதிரி இருக்கும் மேடம். இதுல பாருங்க, மூக்குமேல வேர்வையக்கூட எண்ணிடலாம்.

— ரிமோட் ரொம்பச் சின்னதா இருக்கு. தொலைஞ்சு போயிடும்.

— தொலையட்டுமே! ஒரு தடவை செட் பண்ணிட்டா ரிமோட்டுக்கு வேலையே கிடையாது. சுவத்து சுவிட்சைப் போட்டா போதும். யாரு வேணாப் போடலாம்.

— கேட்டியா குட்டி? யாரு வேணாப் போடலாம். காலையில சமையல்காரம்மா போடட்டும். மத்தியானமும் ராத்திரியும் பக்கத்து வீட்டு அக்கா போடட்டும். நீ திங்கக்கிழமை வேலையில சேரக் கிளம்பு. ரெண்டு தடவை தள்ளிப்போட்டாச்சு. மூணாவது தடவையும் உனக்காக நாற்காலியைத் துடைச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க.

— மேடத்துக்கு எங்க வேலை?

— வெளியூர்ல. தண்ணி பரிசோதனை பண்ற லேப். இன்னும் சேரல.

— தங்கமான வேலையாச்சே! எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. எம் பொண்டாட்டி போடற டீயில தப்பா, தண்ணியில தப்பான்னு எங்களுக்குள்ள பெரிய வழக்கு.

— ஏங்க, இதையே கட்டிடுங்க.

— இருங்க. இது சூடாகுமா? எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கணும்னா...

— குட்டி.

— கேக்கறேன் அண்ணா, அவ்வளவுதான்.

— உனக்கு வேலைக்குப் போக இஷ்டமா இல்லையா? நேராச் சொல்லிடு.

— இருக்கு.

— பின்ன என்ன?

— இருக்கு அண்ணா. துணியெல்லாம் மடிச்சு வச்சு மாசக்கணக்காச்சு. மடிச்சபடியே பழசாகுது.

— அப்புறம் ஏன் காலை இழுத்துக்கிட்டு நிக்கறே? நான் ஞாயித்துக்கிழமை விமானம் ஏறிடுவேன். அதுக்குள்ள இதை முடிக்கணும். இங்க இருந்து ஒண்ணும் பண்ண முடியலையேன்னு நான் அங்க கிடந்து சாகறேன். என்னால ஆனது இந்தப் பெட்டி ஒண்ணுதான். அதையாவது செய்ய விடு.

— வேற கடையில பாக்கலாமா?

— வேற கடைக்குப் போனா வேற விளக்கு எரியும். நீ அதுக்கும் ஒண்ணு சொல்லுவே.

— சார், சண்டை வேணாம். பென்டிரைவ் கொண்டாந்திருக்கீங்களா? இங்கயே ஓட்டிக் காட்டிடறேன். வீட்டுக்குப் போயி ஓடலன்னா நாளைக்கு என்னைத்தான் திட்டுவீங்க.

— வீட்டுலயே விட்டுட்டேன்.

— உன் சாவிக்கொத்துல தொங்குதே, அது என்ன?

— ...வீட்டுல போயிப் போட்டுக்கலாம் அண்ணா. கடையில வச்சு அம்மாவ...

— குடு குட்டி.

— இந்தாங்க.

— சுவத்துல இருக்கிற பெரிய டிவியிலயே போடறேன் சார். ஒரு நிமிஷம்... ஆச்சு. பாருங்க, யாரையும் ஒரு வார்த்தை கேக்கல, தானா ஓடுது.

— அம்மா...

— சத்தம் வைக்கட்டுமா சார்?

— வேணாங்க. இருங்க. குட்டி, கன்னத்து மச்சம்கூடத் தெரியுது பாரு. போன்ல பேசும்போது நீ டிவியைக் காட்டுவியே, ஊதாவா ஏதோ அசையும், அதுதான் அம்மான்னு நெனச்சுக்குவேன். மூக்குக்கண்ணாடிக் காம்புல நூல் சுத்தியிருக்காங்க. ஒடைஞ்சுபோச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...

— போதும் சார், நிறுத்திடுங்க. நல்லாத்தான் ஓடுது.

— இரு இரு. ஸ்வெட்டர்ல மூணாவது பட்டன் மட்டும் வெள்ளை.

— அதான் சார் ஹெச்.டி.! பட்டன்ல எத்தனை ஓட்டைன்னு எண்ணுங்க, நாலும் தெரியும்.

— குட்டி. இந்த ஸ்வெட்டர் இன்னிக்குக் காலையில மாடிக் கொடியில காஞ்சுக்கிட்டிருந்துச்சு.

— ம்.

— துண்டு எடுக்கப் போனேன். முகத்துல ஈரமா பட்டுச்சு. இதே வெள்ளைப் பட்டன். ரெண்டு வருஷமா பீரோவுல இருக்கிற துணியை எதுக்குத் துவைச்சே?

— தூசி.

— முன்பக்கம் பூரா சாப்பாட்டுக் கறை. துவைச்சும் போகல. தூசியா அது?

— சார், நான் பக்கத்துல டீ சொல்லிட்டு வந்துடறேன். அவசரம் இல்ல, பேசிக்கிட்டிருங்க. படம் ஓடட்டுமா?

— ஓடட்டுங்க. நீங்க போயிட்டு வாங்க. ...குட்டி, என்னைப் பாரு.

— பெட்டி நேத்து கெடல அண்ணா. கெட்டு மூணு மாசம் ஆச்சு.

— மூணு மாசமா? அப்போ இத்தனை நாளா அப்பா எப்படிச் சாப்பிட்டாரு?

— பெட்டி நின்ன அன்னிக்கு ராத்திரி வரைக்கும் தட்டைத் தொடல. எனக்கு வேற வழி தெரியல. அம்மா ஸ்வெட்டரையும் கண்ணாடியையும் போட்டுக்கிட்டு, சமையலறை வாசல்ல நின்னு அதே வார்த்தையைச் சொன்னேன். உடனே சாப்பிட்டுட்டாரு. மறுநாள், பக்கத்துல வந்து உக்காருன்னாரு. இப்ப ஊட்டி விடணும். கையைப் பிடிச்சாத்தான் தூங்கறாரு.

— நேத்து நான் வந்ததும்...

— நீ ஆட்டோவுல இறங்கற சத்தம் கேட்டதும் கழட்டி வாளியில அமுக்கிட்டேன். நீ தூங்கினதும் ஈரத்தோடயாவது போட்டுக்கலாம்னு பாத்தேன். நீ அவர் பக்கத்துலயே படுத்துட்டே.

— பைத்தியமா உனக்கு? சரி. சரி, விடு. அதான் இப்ப பெட்டி கிடைச்சாச்சே. இன்னிக்கே கொண்டுபோயி...

— போன மாசம் பக்கத்து வீட்டு அக்கா பெட்டியை இரவல் வாங்கிப் போட்டேன். அதுவும் தெளிவான பெட்டிதான். அப்பா அம்மாவைப் பாத்தாரு. "யாரோ டிவியில பேசிக்கிட்டிருக்காங்க, அணைச்சுட்டு நீ வா"ன்னு என்னைக் கூப்பிட்டாரு.

— அப்போ எந்தப் பெட்டி வாங்கினாலும்...

— அதைத்தான் நேத்துலேருந்து சொல்ல முடியாம நிக்கறேன்.

— குட்டி, நீ அம்மான்னா... உன்னை அவர் கேக்கறதே இல்லையா? மக எங்கன்னு?

— தினமும் கேக்கறாரு. மக வேலையில சேந்துட்டாள்னு சொல்லியிருக்கேன் அண்ணா. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.