தலை போன போக்கு

— பெட்டி கட்டினது போதும்டி ராலி, கொஞ்சம் நிறுத்து. படகுல போறவங்க பட்டியல் ஒட்டியிருக்காங்க. உன் பேர் இல்லை.

— விளையாடாத கேரின். திங்கக்கிழமை படகு. ஏரிக்கு அடியில இருந்து சேறு எடுக்கத்தானே பல்கேரியாவுல இருந்து ஆறு மாசத்துக்கு அமெரிக்காவுல இந்த டுலூத்துக்கு வந்தேன்? சேறு இல்லாம ஊருக்குப் போய் என்னத்த ஆராயறது?

— சத்தியமா இல்லைடி. ரெண்டு தடவை படிச்சேன். உன் இடத்துல டெரிக் இருக்கான்.

— டெரிக்கா? அவன் மீன் பிடிக்கப் போறதா நினைச்சுகிட்டு தூண்டிலோட வந்து நிப்பானே! புரொபசர் என்னைத்தான் கேட்டாரு. பிப்ரவரியில, நான் கருத்தரங்குல பேசி முடிச்ச அன்னிக்கு. "படகுல வரியா"ன்னாரு. வரேன்னேன்.

— வாயைத் திறந்து சொன்னியா?

— வாய் நிறைய கேக் இருந்துச்சு. தலையை ஆட்டினேன்.

— எப்படி ஆட்டின? காட்டு.

— இதோ, இப்படி.

— அடிப்பாவி! இடமும் வலமுமா ஆட்டற! அது "மாட்டேன்"டி!

— எங்க ஊர்ல அதுதான் "ஆமா". மேலயும் கீழயும் ஆட்டினா "இல்லை". இங்க மாத்தி ஆட்டணும்னு தெரியும் கேரின், பழகிட்டுத்தான் இருக்கேன். படபடப்பு வந்தா தலை அது பாட்டுக்கு எங்க ஊர் பர்காஸுக்கே போயிடுது.

— இரு இரு. நீ என்கூட தங்க வந்த முதல் நாள், உருளைக்கிழங்கும் கறியும் போட்டு சுட்ட ஹாட்டிஷ் இன்னும் கொஞ்சம் வைக்கவான்னு கேட்டேன். நீ இப்படித்தான் ஆட்டின. நான் பாத்திரத்தை மூடி உள்ள வச்சுட்டேன்.

— இந்த ஊர்ல கேக்கறது மட்டும்தான் வழக்கம் போல, போடறது இல்லைன்னு நினைச்சுகிட்டு பசியோட படுத்தேன்.

— சொல்லித் தொலைச்சிருக்கலாமே! எழுந்திரு, வா. லைல் இன்னும் ரூம்லதான் இருப்பாரு.

— புரொபசரை நீ எப்படித்தான் பேர் சொல்லிக் கூப்பிடறியோ. எனக்கு நாக்கே எழும்ப மாட்டேங்குது.

— லைல், உள்ள வரலாமா? இவ உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். சொல்லுடி.

— புரொபசர், அன்னிக்கு படகுல வரியான்னு கேட்டீங்களே... நான் ஆட்டினது "வரேன்"னுதான். எங்க ஊர்ல எல்லாம் தலைகீழ்.

— ம்ம். தலைகீழ். இப்ப ஆட்டறியே, இது எந்த ஊர் ஆட்டல்?

— ஆட்டவே வேணாம்டி! ரெண்டு கையால தலையைப் பிடிச்சுக்கோ!

— முப்பது வருஷமா, புரியாம தலையாட்டற பிள்ளைங்களைத்தான் பாத்திருக்கேன். இது புதுசு.

— லைல், டெரிக்கை இறக்கிட்டு இவளை ஏத்துங்க. இவ ஜூன்ல ஊருக்குப் போயிடுவா.

— ஜூன்லயா? ம்ம். ராலிட்சா, அன்னிக்கு நான் ரெண்டு கேள்வி கேட்டேனே. ரெண்டாவது ஞாபகம் இருக்கா?

— இருக்கு. இங்கேயே தங்கி முனைவர் பட்டம் முடிக்கறியான்னு கேட்டீங்க.

— நீ மேலயும் கீழயும் ஆட்டின. நல்லா, நாலு தடவை.

— ஐயோ... வெளியில அப்படி ஒரு குளிர், போன்ல அம்மா குரல் கேட்டாலே அழுகை. எப்படா ஊருக்குப் போவோம்னு இருந்துச்சு புரொபசர்.

— ம்ம். அதை நம்பி உனக்கு நாலு வருஷ உதவித்தொகைக்கு எழுதிப் போட்டேன். நேத்து சம்மதம் வந்துடுச்சு. படகு வேணாங்கறா, சரி, இங்கதானே இருக்கப்போறா, அப்புறம் போகட்டும்னு டெரிக்கைப் போட்டேன்.

— அட கடவுளே! நாலு வருஷமாடி!

— உன்கிட்ட எழுத்துல வாங்காதது என் தப்பு. இப்ப நீயே சொல்லு. ஜூன்ல கிளம்பறதா இருந்தா, டெரிக்கை இந்த நிமிஷமே இறக்கறேன், திங்கக்கிழமை நீ போ. இருக்கறதா இருந்தா உனக்குப் படகு அடுத்த வருஷம்தான். அவன் இந்த வருஷம் படிப்பை முடிச்சாகணும். தலையை விட்டுட்டு வாயால சொல்லு.

— ஏண்டி, இன்னும் அந்த பிப்ரவரி மாதிரியேதான் இருக்கா உனக்கு?

— இல்லைடி. இப்பல்லாம் அம்மா கூப்பிட்டா, "இரும்மா, கேரினோட ஏரிக்கரை வரைக்கும் நடந்துட்டு வந்து பேசறேன்"னு வச்சுடறேன். புரொபசர்...

— ம்ம்?

— டெரிக்கே போகட்டும்.