சமையக்கட்டு போனுக்குப் பட்டன் இல்ல

மெதுவாத் திருகுங்க தம்பி, செவத்துல தட்டாதீங்க. மாடில அவரு தூங்குறாரு. எழுந்திரிக்கறதுக்குள்ள இந்தப் போன் வாசப்படி தாண்டிடணும். மத்ததெல்லாம் குடுத்தப்ப ஒண்ணும் சொல்லல, இத மட்டும் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. ஆமா, உத்தரவுதான். எங்க வீட்டுல அதுக்கு மேல பேச்சு கெடையாது.

ஆபீஸ்ல ரூமுக்கு ரூம் பேசுற இண்டர்காம் போனு வீட்டுல எப்படின்னு கேக்குறீங்களா? எல்லாம் என் வீட்டுக்காரர் கைங்கரியம். கம்பெனில மேனேஜரா இருந்தவரு. அவரு ரிட்டையர் ஆன சமயம், அங்க பழைய செட்டையெல்லாம் கழிச்சுக் கட்டினாங்க. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? அத்தனையையும் வண்டில ஏத்திக் கொண்டாந்துட்டாரு. அதுல பெரிய செட்டு ஒண்ணுதான் வரிசையாப் பட்டன் வச்சது. மேனேஜருக்கு. மத்ததெல்லாம் இந்த மாதிரி மொட்டை. பட்டனும் இல்ல, டயலும் இல்ல. அவரு கூப்பிட்டா நாம எடுக்கலாம். நாம அவரக் கூப்பிட முடியாது. கீழ வேல பாக்குறவனுக்கு மேனேஜரக் கூப்பிட என்ன இருக்குன்னு கேப்பாரு.

பெரிய செட்டு மாடில, அவரு மேஜைல. ஹால்ல ஒண்ணு, வாசல்ல ஒண்ணு, மொட்டமாடில ஒண்ணு, சமையக்கட்டுல இது. குளியலறைலயும் ஒண்ணு இருந்துச்சு, சிரிக்காதீங்க. தலைல சோப்போட நிக்கறப்ப அலறும். என்னமோ ஏதோன்னு எடுத்தா, தண்ணி மோட்டார் போட்டியான்னு விசாரண நடக்கும்.

காபி வேணும்னா குடுன்னு சொல்ல மாட்டாரு தம்பி. காபி அனுப்புன்னுதான் சொல்லுவாரு. யார்கிட்ட அனுப்புறது? இந்த ஆபீஸ்ல ஸ்டாஃபு நான் ஒருத்திதானே! நானே போட்டு, என்னையே அனுப்பி வைக்கணும். எடுத்துட்டுப் போய் நின்னா, நிமிந்து கூடப் பாக்காம, ம், வச்சிட்டுப் போன்னுவாரு. நல்ல வேள, கதவத் தட்டிட்டு வரச் சொல்லல.

போதும்டா சாமின்னு ஒவ்வொண்ணுக்கா எடம் பாக்க ஆரம்பிச்சேன். பழைய இரும்புக்குப் போட மனசு வரல. போன் என்ன பாவம் பண்ணுச்சு? பொண்ணக் குடுக்குற வீடு மாதிரி விசாரிச்சு விசாரிச்சுத்தான் குடுத்தேன். நாடகக்காரர் ஒருத்தர் வந்தாரு, மேடைல போலீஸ் அதிகாரி மேஜைக்கு வேணும்னாரு. குளியலறை போனத் தொடச்சுக் குடுத்துட்டேன். அது எங்க இருந்துச்சுன்னு சொல்லல, அதிகாரி மானம் போயிடும்ல. ஒரு வக்கீல் வந்தாரு. எதுக்கு சார்னேன். சம்சாரத்தக் கூப்பிடன்னாரு. வாய் இருக்குல்ல, அதுல கூப்பிடுங்கன்னு அனுப்பிட்டேன்.

என் நாத்தனார், அவரு கூடப் பொறந்தவ, ரெண்டு எடுத்துக்கிட்டா. அவ வீட்டுல கீழ ஒண்ணு, மாடில ஒண்ணு. ஒன் மாடிதான் காலியாக் கெடக்கே, அங்க யாருக்குடி போனுன்னேன். வர்றவங்க வருவாங்க அண்ணி, எலெக்ட்ரீஷியன வச்சு ரெண்டுலயும் பட்டன் போடச் சொல்லிட்டேன்னா. அண்ணனும் தங்கச்சியும் ஒரே வயித்துல பொறந்ததுங்கதான், புத்தி மட்டும் வேற.

சரி, நீங்க சொல்லுங்க. இத எங்க வைக்கப் போறீங்க? ஓ, பட்டன் வச்ச பெரிய செட்டு ஒண்ணு ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? அது உங்க ரூம்ல. இது? என்னது, சமையக்கட்டுலயா?

ஸ்க்ரூ டிரைவரக் கீழ வைங்க தம்பி.

கல்யாணமாகி எத்தன நாளாச்சு? பாவம், அந்தப் பொண்ணு. திருட்டுப் பூனை மாதிரி முழிக்காதீங்க. இது வேணும்னா ஒரு கண்டிஷன். பட்டன் செட்டு உங்க சம்சாரத்துக்கிட்ட, இந்த மொட்ட உங்க மேஜைல. அவங்க கூப்பிட்டா எடுத்துட்டு எழுந்து போகணும். தலைய ஆட்டினாப் போதாது, வாயத் தெறந்து சொல்லுங்க. ம். இப்பக் கழட்டுங்க.

எங்க வீட்டுக்காரரு கெட்டவரில்ல தம்பி, அடிக்க மாட்டாரு, குடிக்க மாட்டாரு. ஊருல கேட்டா தங்கமான மனுஷன்னுதான் சொல்லுவாங்க. போன மழைல இந்தத் தரைலதான் வழுக்கி விழுந்தேன். இதோ, நீங்க நிக்குற எடம். இடுப்ப அசைக்க முடியல. செல்போன் ஹால்ல கெடந்துச்சு. கத்தினேன், மாடில டிவி ஓடுது. தலைக்கு மேல இந்தப் போனு தொங்குது, அதப் பாத்துக்கிட்டே கெடந்தேன். எடுத்து என்ன பண்ண? அப்புறம் அதுவே அடிச்சுச்சு. ஒயரப் புடிச்சு இழுத்து, ரிசீவரக் கீழ தள்ளி, விழுந்துட்டேங்கன்னேன். என்ன சொன்னாரு தெரியுமா? சரி சரி, அவசரமில்ல, அரை மணி கழிச்சே அனுப்புன்னாரு.

அட, அழாதீங்க, நானே அழல. பால்காரர் வந்து தூக்கி உக்கார வச்சாரு. காபியும் போட்டேன். அனுப்பினேன்.

இருங்க... கேட்டுச்சா? போன் அடிக்குது, எழுந்துட்டாரு. எடுக்காதீங்க! காபிதான், வேற என்ன. அடிக்கட்டும். அடிக்கறப்பவே ஒயரப் புடுங்குங்க. பயப்படாதீங்க, ஷாக் அடிக்காது.

அப்பாடா. வீடு எவ்ளோ அமைதியா இருக்கு பாத்தீங்களா?

மாடில இருக்குற பெரிய செட்டா? அது அவருக்கே இருக்கட்டும். எந்தப் பட்டன அமுக்கினா என்ன, இனி எடுக்க ஆளில்ல. பிளாஸ்க்ல காபி போட்டு மாடிப்படில வச்சிருக்கேன், ஒரு நாள் தானா எறங்கி வரட்டும்.

கார்லதானே வந்தீங்க? போன்ல பேசினப்பவே அதக் கேட்டேன்ல. இத்தனூண்டு போனுக்குக் கார் எதுக்குன்னு நெனச்சிருப்பீங்க. கதவுக்குப் பின்னாடி என் பெட்டி இருக்கு, அதையும் எடுத்துக்கோங்க. போற வழில என்னைய நாத்தனார் வீட்டுல எறக்கி விட்டுடுங்க.

ஐயோ, அவசரப்படாதீங்க தம்பி, தடுக்கி விழுந்துடப் போறீங்க. அவரு வர மாட்டாரு. போன் எடுக்கலன்னா எறங்கிப் போய்ப் பாக்கணும்னு தோணுற மனுஷனா இருந்தா, நான் ஏன் பெட்டி கட்டப் போறேன்?