அறுபதடி மேலே

போடியிலிருந்து முந்தலுக்குப் போகும் கூண்டு வண்டியில் உப்பு மூட்டையோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். எதிரே ஓர் ஏலத்தோட்ட முதலாளி. பக்கத்தில், அவருக்கு மலையில் பங்களா கட்டும் கொத்தனார். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாதுதான். கூண்டு வண்டியில் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“மொதலாளி, உங்க வீட்ட அறுபதடி மேல தள்ளி வச்சுட்டேன்.”

முதலாளி மடியிலிருந்த வரைபடச் சுருளை இறுகப் பிடித்தார்.

“யாரக் கேட்டுய்யா தள்ளி வச்ச? ஓடைக் கரையில நானே நின்னு கயிறு பிடிச்சுக் காட்டல? படுத்தா தண்ணிச் சத்தம் கேக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லல?”

“நீங்க பாத்தது சித்திரை மாசத்து ஓடை.”

“பேசாத. பிரிச்சுட்டுப் பழைய எடத்துலயே கட்டு.”

“கயிறு பிடிச்ச எடத்துல கொட்டகை போட்டு, ஒரு மழை தங்கிப் பாத்துட்டுத்தான் கடக்கால் தோண்டுவோம். அது எங்க வழக்கம். ஆனியில ஓடை பெருகிக் கொட்டகைய அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு.”

“கொட்டகை போனாப் போகுது. உள்ள ஆளு யாரும் இல்லையே?”

“என் தம்பி படுத்திருந்தான்.”

வண்டிக்காரர் மாட்டை அதட்டுவதை நிறுத்திவிட்டார். முதலாளி சுருளை விரித்தார், பார்க்காமலே சுருட்டினார். முந்தல் நெருங்கும்போது மெல்லக் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“அங்க மேல சத்தம் கேக்குமா?”

“கேக்கும் மொதலாளி. எனக்குப் போடியிலயே கேக்குது.”