சுவரோரக் கறுப்புக் கோடும் எங்கள் ஸுல்பா ராத்தாவும்

அன்பையும் அதட்டலையும் ஒரே குரலில் வைத்திருப்பவரே! விரிப்பில் ஒரு மடிப்பையும், குவளையில் ஒரு விரலடையாளத்தையும், கதிரைக்காலில் ஒட்டிய ஒரு சோற்றுப் பருக்கையையும் மன்னிக்காதவரே. அவற்றை அங்கே விட்டுவைத்த எங்களை மட்டும் மாலைத் தேநீருக்குள் மன்னித்துவிடுபவரே! முல்லைத்தீவில் பிறந்து, இளவயதில் இடம்பெயர்ந்து, புத்தளத்து மணலில் நீண்ட வருடங்களைக் கழித்து, மீண்டும் வன்னிக்கு வந்து, கிளிநொச்சியில் எங்கள் மருதநிழல் விருந்தகம் திறந்த நாளிலிருந்து அதன் சாவிக்கொத்தை இடுப்பில் சுமந்தவரே! வீட்டுப் பராமரிப்பு மேற்பார்வையாளர் என்று உங்கள் சட்டையின் பெயர்ப் பட்டை சொன்னாலும், சைவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களுமான எங்கள் அத்தனை பேருக்கும் மூத்த சகோதரியாகி, உங்கள் வீட்டு வழக்கப்படி ‘ராத்தா’ என்றே எங்களை அழைக்கவைத்த ஸுல்பா அவர்களே! உங்களுக்கு எங்கள் வணக்கமும் ஸலாமும்.

இன்று நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். இப்படியான மடல்களில் நேரந்தவறாமை, கடமையுணர்வு, கனிவு என்று நற்குணங்களை நிரையாக அடுக்குவார்கள். உங்களிடம் அவை எல்லாம் உண்டு. நேரந்தவறாமை எங்களைத் துன்புறுத்தும் அளவுக்கு உண்டு. ஆனால் அந்தக் குணங்கள் யாவும் ஒரே பகலில், ஒரே மண்டபத்தில், ஒரு சுவரின் அடியில் வந்து கூடியதை நாங்கள் கண்டிருக்கிறோம். அந்தப் பகலையே இந்தச் சபையில் வாசிக்க விரும்புகிறோம். அன்று உங்களோடு நின்று நடுங்கியவர்கள் இங்கே இருக்கிறார்கள். எங்களை நடுங்கவைத்த முதலாளி தயாபரன் அவர்களும் முன்வரிசையில் இருக்கிறார். அவர் பொறுத்தருள்வாராக!

எங்கள் மாடி மண்டபத்தில் சுவர் முதல் சுவர் வரை இளமஞ்சள் கம்பளம் ஒட்டியிருக்கிறது. மணமக்களானாலும் அதிகாரிகளானாலும், உங்கள் கட்டளைப்படி, செருப்பை வாசலில் விட்டுத்தான் அதில் கால் வைக்க வேண்டும். அந்த மண்டபத்தைத் துப்புரவாக்குவது முரசுமோட்டையிலிருந்து வரும் இராசமலரின் பொறுப்பு. கடந்த மாரி மழை ஓய்ந்து கொஞ்சக் காலம் சென்ற பின், தோய்ப்பதற்காகத் திரைச்சீலைகளைக் கழற்றிய ஒரு காலையில் முதலாளி மேலே வந்தார். அதுவரை திரைகள் மறைத்திருந்த சுவரடியில், கம்பளத்தின் விளிம்பு நெடுகிலும், கறுப்பாய் ஒரு கோடு ஓடியது. யாரோ அந்த மண்டபத்தைப் படமாக வரைந்து, மறந்துபோகாமலிருக்க ஓரத்துக்கு மை இட்டு வைத்ததுபோல. எப்போதும் பூட்டியே கிடக்கும் பக்கக் கதவின் அடியில் அது இன்னும் தடித்திருந்தது.

முதலாளி குனிந்து விரலால் தேய்த்தார். விரல் கறுத்தது.

“கால் படாத இடம் இது. கால் படாத இடத்தில ஊத்தை எப்பிடி வரும்? கூட்டாமல் விட்டாத்தான் வரும்.”

“ஐயா, நான் ஒவ்வொரு நாளும் வக்கியூம் மெசின் பிடிக்கிறனான்,” என்றார் இராசமலர்.

“பிடிச்ச வடிவு தெரியுது.”

அடுத்த நாள் அங்கே ஒரு கலியாணம். நாயாறுப் பக்கம் ஒரு அலுவலுக்குப் புறப்பட்டிருந்த முதலாளி, படியில் நின்று திரும்பிச் சொன்னார்: “பின்னேரம் வருவன். அப்பவும் இந்தக் கோடு இங்க நிண்டா, நாளைக்கு இவ வேலைக்கு வரத் தேவையில்லை. ராத்தா, நீங்கள் இதில பரிஞ்சு கதைக்க வேண்டாம்.”

நீங்கள் பரிந்து கதைக்கவில்லை. அவருடைய வாகனம் வாசலைக் கடக்கும்வரை யன்னலருகே நின்றீர்கள். அந்த மாரி வெள்ளம் இராசமலரின் வயலையும் கொண்டுபோயிருந்தது. அவரது வீட்டில் அடுப்பெரிந்தது இந்த வேலையால்தான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முக்காட்டை இறுக்கிக்கொண்டு நீங்கள் திரும்பியபோது, உங்கள் முகத்தைப் பார்க்கவே எங்களுக்குப் பயமாக இருந்தது.

அந்த இடைவெளிக்குள், ஏசியும் ஜெனரேட்டரும் பார்க்கும் சுகிர்தன், “பிளீச் ஊத்தினா எந்தக் கறுப்பும் போகும்” என்று சொல்லிவிட்டான். நம்பிய இராசமலர் கழிப்பறைப் பிளீச் போத்தலைத் திறந்துகொண்டு சுவரடியில் குந்திவிட்டார். அப்போது நீங்கள் போட்ட சத்தம் கீழே குசினி வரை கேட்டது.

“வை கீழ! கறுப்புக் கோட்டுக்குப் பதிலா வெள்ளைக் கோடு கீறப் போறியா? கறுப்பைக் கழுவலாம் புள்ள. நிறம் போனா எங்க போய்த் தேடுவ?”

“எனக்கு வேற வழி தெரியேல்லை ராத்தா.”

“எனக்கும்தான் தெரியா. அதுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஊத்துறதா? சுகிர்தன், நீ போய் உன்ட ஜெனரேட்டருக்கு ஊத்து அந்தப் பிளீச்சை.”

அந்தப் பயத்துக்குள்ளும் சிரித்தோம்.

தூணுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத ஒரு சாண் இடத்தில் தொடங்கினீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர், சவர்க்காரத் தூள், பிறஷ். தேய்க்கத் தேய்க்கக் கோடு கலைந்தது. எங்கள் மனமும் இளகியது. ஆனால் கலைந்தது வெளியே வரவில்லை. தண்ணீர் அதைத் தூக்கிக் கொண்டுபோய்க் கம்பளத்துக்குள் பரப்பியது. விரலளவாய் இருந்த கறுப்பு உள்ளங்கையளவு சாம்பல் நிறமாய்ப் படர்ந்தது. இராசமலர் வாயைப் பொத்திக்கொண்டார். நீங்கள் பிறஷை வைத்துவிட்டு, ஈரத்தை வெள்ளைத் துணியால் ஒற்றி, அதில் ஒட்டியதை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தீர்கள்.

“தண்ணிதான் பிழை,” என்றீர்கள் கடைசியில். “இது வெறும் மண் இல்லை. கரி மாதிரி ஒரு பிசுக்கு. காய்ஞ்சபடி எடுக்கக்கூடியதை முதல்ல எடுப்பம்.”

வக்கியூம் மெசினின் வாயைக் கழற்றி, ஒடுங்கிய குழாயைப் பொருத்தி, சுவருக்கும் கம்பளத்துக்கும் இடையிலான இடுக்கில் அங்குலம் அங்குலமாக இழுக்கவைத்தீர்கள். காய்ந்த பிறஷால் மெல்லத் தட்டி மறுபடி இழுக்கவைத்தீர்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தை அடித்து நுரையாக்கி, தண்ணீர் சேராமல் நுரையை மட்டும் பல் பிறஷில் அள்ளிக் கோட்டின் மேல் வைத்து, வெள்ளைத் துணியால் அமுக்கினீர்கள். துணி கறுத்தது. கம்பளம் வெளுத்தது!

“தேய்க்காத, ஒற்று. காய்ச்சல்காரப் புள்ளைக்கு நெத்தி ஒற்றுற மாதிரி ஒற்று. சவர்க்காரத்தை உள்ள விடாத. மிச்சம் நிண்டா அதுவே ஊத்தையைப் பிடிக்கும்.”

வரவேற்பறையையும் குசினியையும் விட்டு நாங்கள் எல்லோரும் மேலே வந்து முழந்தாளிட்டோம். ஒருவர் நுரை வைக்க, ஒருவர் ஒற்ற, ஒருவர் பிழிந்த துணியால் சவர்க்காரத்தைத் துடைக்க, சுகிர்தன் மின்விசிறியை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தான். வெயில் சாயச் சாய, வாசலில் கேட்கும் ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் எங்கள் கைகள் நின்று நின்று ஓடின. மூன்று சுவர்கள் முடிந்த வேளையில், துணியை அலசப் போன இராசமலர் பாதி வழியில் நின்றார்.

“ராத்தா, இது மணக்குது.”

நீங்கள் வாங்கி முகர்ந்தீர்கள். உங்கள் முகம் மாறியது. துணியைக் கை மாற்றி நாங்களும் முகர்ந்தோம். சாம்பிராணி.

மாரியில் கூரை ஒழுகியதிலிருந்து மண்டபத்தில் ஒரு பூஞ்சண வாடை நின்றது. அதைப் போக்க, காலை தோறும் சாம்பிராணிச் சட்டியைச் சுவர் நெடுகிலும் மூலை மூலையாகக் காட்டி, வாசம் வெளியேறாதபடி கதவுகளை அடைத்து, ஏசியைப் போடுவது உங்கள் ஏற்பாடு. வியாழன் பின்னேரங்களில் உங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமைகளில் எங்களில் பலரின் வீட்டிலும் எழும் அதே நல்ல புகை. வவுனியாவிலிருந்து நீங்கள் வாங்கி வந்தீர்கள். நாங்கள் முறை வைத்துச் சட்டியைப் பிடித்தோம். விருந்தினரும் மெச்சினார்கள். அந்த மெச்சல்தான் கறுப்பாய்ச் சுவரடியில் படிந்திருந்தது.

“இதை அவருக்குச் சொல்ல வேண்டாம் ராத்தா,” என்றார் இராசமலர் முதலில். “கோடு போகுது தானே. சொன்னா உங்களை அனுப்பிப்போடுவார். ஓய்வுக்குக் கிட்ட வந்திட்டீங்கள், பேசாமல் இருங்கோ.”

நாங்களும் அதையே சொன்னோம். கெஞ்சினோம்.

“கோடு போகும்,” என்றீர்கள். “கூட்டாத பொம்பிளை எண்ட பேர் போகுமா?”

பக்கக் கதவு இருந்த நாலாவது சுவரில் கைவைக்க எங்களை நீங்கள் விடவில்லை. நேரம் இருந்தது, நுரை இருந்தது, கைகள் இருந்தன. கோடும் அப்படியே இருந்தது. நீங்கள் சட்டிக்குத் தணல் எடுக்கப் போனீர்கள். அப்போது வாசலில் வாகனம் வந்து நின்றது.

முதலாளி வந்து மூன்று சுவர்களையும் பார்த்தார். நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. நாலாவதைப் பார்த்ததும் மறுபடி இறுகியது.

“இது என்ன மிச்சம்?”

“இது உங்களுக்கு வச்சது தம்பி,” என்றீர்கள். அன்றுவரை அவரை முதலாளி என்றே அழைத்து வந்தவர் நீங்கள். “கொஞ்சம் நிலத்தில இருந்து பாருங்க. சுகிர்தன், கதவுகளை அடைச்சு ஏசியைப் போடு.”

தணலில் ஒரு துண்டு சாம்பிராணியை இட்டுச் சுவரடியில் வைத்தீர்கள். புகை எழுந்தது. ஏசி மூச்சு விட்டதும் அது தயங்கியது, வளைந்தது, தரையில் படுத்தது. பிறகு வீட்டு வழி தெரிந்த பிராணியைப்போல ஊர்ந்து, பூட்டிய கதவின் அடியிலிருந்த இடுக்குக்குள், கறுப்புக் கோட்டின் ஊடாகவே நுழைந்து மறைந்தது. முதலாளி முழந்தாளிட்டார். பிறகு கன்னம் கம்பளத்தில் படக் குனிந்து பார்த்தார்.

“கால் படாத இடத்துக்குப் புகை போகுது தம்பி. காத்து அந்த ஓரத்தால வெளியேறுது, கம்பளம் வடிகட்டியா நிண்டு கரியைப் பிடிக்குது. நாங்க பிடிக்கிற மெசின்ட வாய் அந்த இடுக்குக்குள்ள போகாது. இந்தப் புள்ளையில பிழையில்லை. புகை என்ட வேலை. அனுப்புறதெண்டா என்னை அனுப்புங்க.”

சுகிர்தனின் விரல் ஏசிப் பொத்தானிலேயே நின்றது. இராசமலர் எதையோ சொல்ல வாயெடுத்தார். நீங்கள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

“உங்களுக்கு எப்ப தெரியும் ராத்தா?” முதலாளி தலை நிமிரவில்லை.

“இண்டைக்குப் பகல்தான்.”

“சொல்லாமல் விட்டிருக்கலாமே. கோடும் போயிருக்கும்.”

“விட்டிருந்தா இவ நாளைக்கு இருப்பா. அடுத்த கோடு வரேக்க போயிருப்பா.”

அவர் எழுந்தார். காற்சட்டையைத் தட்டினார். எங்களில் எவரையும் பாராமல் நேரே இராசமலரிடம் போனார்.

“காலமை நான் சொன்னது பிழை. நாளைக்குக் கலியாணம், வெள்ளன வாங்கோ.” பிறகு உங்கள் பக்கம் திரும்பி, “முதல்ல அந்தச் சட்டியை வெளியில கொண்டுபோங்கோ ராத்தா, எனக்கு இருமல் வருது.”

“கொண்டுபோறன். நீங்க சும்மா நிக்காம ஒரு துணி எடுங்க. நாலாவது சுவர் கிடக்குது.”

எடுத்தார்! முன்வரிசையில் இருப்பவர் மறுக்கமாட்டார். பலமாகத் தேய்த்தார், நீங்கள் அதட்டியதும் ஒற்றினார்.

மறுநாள் மணமக்கள் அந்தக் கம்பளத்தில் நடந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதன் பின் காலையில் யன்னல்களைத் திறந்தே மண்டபத்தின் வாடையைப் போக்கினோம். பக்கக் கதவின் அடியில் இறப்பர்ப் பட்டி ஒட்டினோம். ஒடுங்கிய குழாய் கிழமை தவறாமல் சுவரோரம் போகிறது. ஆனால் அன்று நீங்கள் எங்களுக்குச் செய்தது அதைவிடப் பெரிது. ஊத்தையைப் போக்கிய கை, அதன் பழியையும் இன்னொருத்தி மேல் படியவிடவில்லை. உங்களைப் பாராட்ட இதைவிட உயர்ந்த சொல்லைத் தேடினோம், அகப்படவில்லை, ராத்தா!

போய் வாருங்கள், எங்கள் ராத்தாவே! நீங்கள் திரும்பிப் போகும் முல்லைத்தீவு வீட்டின் யன்னல்கள் கடற்காற்றுக்கு எப்போதும் திறந்திருக்கட்டும். எங்களுக்காகத் தேய்ந்த அந்த முழங்கால்கள் இனித் தொழுகை விரிப்பின் மென்மையை மட்டுமே அறியட்டும். நோய் உங்கள் தெருவை மறந்துபோகட்டும். வயது உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மெதுவாக, மிக மெதுவாக உள்ளே வரட்டும்.

உங்களுக்குப் பின் யார் என்று முதலாளி கேட்டபோது நீங்கள் ஒரு பெயரைத்தான் சொன்னீர்களாம். அவரும் இன்னொரு பெயரைக் கேட்கவில்லையாம்.

இங்ஙனம்,
உங்கள் அதட்டலுக்கு ஏங்கப்போகும்
மருதநிழல் விருந்தகப் பணியாளர்கள்,
கிளிநொச்சி.

எல்லோர் சார்பிலும் முதற் கையொப்பம்:
இராசமலர்,
வீட்டுப் பராமரிப்பு மேற்பார்வையாளர், நாளை முதல்.