குத்தாத உள்ளாடை தந்த நாற்பத்திரண்டு அக்காவுக்கு

மாதிரி அறையின் மாண்பே! பொறுமையில் பெரியவரே! பொய் பேசத் தெரியாத, தெரியாமலே ஒரே ஒரு முறை பேசிவிட்டு அதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் தூக்கம் தொலைத்த எங்கள் நாற்பத்திரண்டு அக்காவே! முப்பத்துமூன்று ஆண்டுகள் இந்த ஆலையில் உழைத்து இன்று ஓய்வு பெறும் தங்களை வணங்கி, தையல் பிரிவு, வெட்டும் பிரிவு, இஸ்திரிப் பிரிவு, சரிபார்க்கும் பிரிவு ஆகிய அனைத்துப் பிரிவுத் தோழியரும் வாசித்தளிக்கும் மடல் இது.

அடைமொழி தங்களுக்கு ஆகாது என்று அறிவோம். ஆனாலும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகும் மடலில் இரண்டு அடைமொழியாவது இல்லாவிட்டால் வருகிறவர்கள் சிரிப்பார்கள். எழுதியவள் மூன்றாம் வரிசைத் தையல்காரி. 'நாங்கள்' என்று எழுதச் சொன்னவர்கள் மற்ற எல்லோரும்.

மூன்று வாரம் முன்பு விழாச் செய்தியோடு தங்களிடம் வந்தபோது தாங்கள் சொன்னதை மறக்கவில்லை. "மடல் எழுதுறதா இருந்தா இஸ்திரிக்காரியையும் எழுதுங்க, அந்த அட்டையையும் எழுதுங்க. இல்லன்னா வெறும் கண்ணாடியச் சட்டம் போட்டுக் குடுங்க, முகமாவது பார்த்துக்கறேன்" என்றீர்கள். எழுதினோம். மேலாளர் படித்துவிட்டு, நல்ல நாளில் இதெல்லாம் எதற்கு என்று நடுப்பகுதி முழுவதையும் சிவப்பு மையால் அடித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னார்; அடித்த இடங்களை நீக்கி ஒரு படி எடுத்து அவரிடம் கொடுத்தோம். முன்வரிசையில் அவர் கையில் இருப்பது அந்தப் படி. நாங்கள் வாசிப்பது இந்தப் படி.

அக்கா! கொக்கி தைக்க வந்தவர் தாங்கள். வந்த இரண்டாம் ஆண்டு மாதிரி அறையின் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார்கள். பெரிய அளவு உள்ளாடைகளைப் போட்டுப் பார்க்க ஓர் உடம்பு வேண்டியிருந்தது. தங்கள் மார்பளவு நாற்பத்திரண்டு; அதுவே பெயராகவும் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பதிவேட்டில் தையல் உதவியாளர் என்றே கடைசிவரை இருந்தது. வேலை மட்டும் வேறு. புதிய மாதிரி ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் பத்து நிமிடம் நிற்க வேண்டும், இரண்டு முறை கை தூக்க வேண்டும். திரைக்கு வெளியே நிற்கும் வரைவு மாஸ்டர், "பொருந்துதா?" என்று கேட்பார். அட்டையில் 'ஆம்', 'இல்லை' என இரண்டு கட்டங்கள். எதில் தாங்கள் கோடு போடுகிறீர்களோ அதன்படி ஆலை ஓடும் அல்லது நிற்கும்.

அந்த மாஸ்டர் சின்ன அளவை வரைந்துகொண்டு, அதையே கணக்குப் போட்டுப் பெருக்கிப் பெரிய அளவு என்பார். சின்ன பானைக்குச் செய்த பிரிமணை பெரிய பானையைத் தாங்குமா என்று தாங்கள் கேட்டதற்கு, "கப்புக்கு அடியில கம்பி இருக்கும்மா, தாங்கும்" என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

தையல் வரிசையில் கனத்த மார்போடு இருந்த எங்களில் பலருக்குத் தோளில் நாடா பதிந்த பள்ளம் இருந்தது. தைப்பது நாங்கள், போடுவது யாரோ. எங்களுக்கு எது பொருந்தும் என்று எங்களுக்கே தெரியாது. தாங்கள்தான் சாப்பாட்டு நேரத்தில் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சொல்லித் தந்தீர்கள். "நாடாவ ரெண்டு பக்கமும் தோள்லேர்ந்து இறக்கிவிட்டுப் பாரு. மார்பு அப்படியே நின்னா பட்டை தாங்குது. தொப்புன்னு விழுந்தா இவ்ளோ நாளும் உன் தோள்தான் சுமந்திருக்கு, கழுதை மாதிரி." பட்டைக்கு உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது, புதிதை வாங்கும்போது கடைசிக் கொக்கியில் மாட்ட வேண்டும், தளரத் தளர உள்ளே வர வேண்டும். கூச்சம் போகச் சிரிக்க வைத்து, சிரிப்பு அடங்குவதற்குள் அளவெடுத்து முடித்துவிடுவீர்கள்.

இனி மேலாளர் அடித்த பகுதி.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கம்பி வைத்த மாதிரி வந்தது. முதல் முறை 'இல்லை' என்று போட்டீர்கள். மாற்றி வந்தது, இரண்டாம் முறையும் 'இல்லை'. அன்று தைக்கத் துணி வராமல் இரண்டு வரிசை முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே என்றால் எங்களைக் கூலியில்லாமல் வீட்டுக்கு அனுப்புவதாகக் கண்காணிப்பாளர் சொன்னார். மூன்றாம் முறை தாங்கள் திரைக்குள் போனபோது வெளியே நாங்கள் நின்றோம். "அக்கா, சரின்னு போட்டுடுங்கக்கா" என்று முதலில் கத்தியது யார் என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. அது நான். பிறகு எல்லோரும் கத்தினார்கள். பத்து நிமிடம் நிற்கையில் அது குத்தவில்லை என்பதும் உண்மை. உட்கார்ந்தால் குத்தும் என்று தங்களுக்குத் தோன்றியதும் உண்மை. திரைக்குள் உட்கார்ந்து பார்க்க நாற்காலி கிடையாது. 'ஆம்' என்று கோடு போட்டீர்கள்.

லேசாகக் கறைபட்ட உருப்படிகளை நம் ஆலையில் நமக்கே கொடுத்துவிடும் வழக்கம். அந்த மாதிரியில் கறைபட்ட இரண்டு, இஸ்திரி மேசையில் நின்ற தங்கள் தோழிக்கு வந்தன. அவரும் நாற்பத்திரண்டு. பிறந்ததிலிருந்து தன் அளவில் ஒன்றைப் போட்டதே இல்லை என்று சொல்லி, கிடைத்த நாளில் மேசை மேசையாக நடந்து காட்டிவிட்டு வந்தார். "இப்பதான் எனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே தெரியுது" என்று அவர் சொன்னதற்கு இஸ்திரிப் பிரிவே விழுந்து விழுந்து சிரித்தது.

இரண்டையும் மாற்றி மாற்றி நாள் தவறாமல் போட்டார். ஆவி அடிக்கும் மேசை, ஒன்பது மணி நேரம் குனிவதும் நிமிர்வதும். கம்பி மார்பின் அடியில் ஒரே இடத்தில் தேய்த்தது. சர்க்கரை உள்ள உடம்பு. தேய்த்த இடம் புண்ணானது. பவுடர் போட்டார். கைக்குட்டையை மடித்து இடையில் வைத்தார். குத்துகிறது என்று சொன்னால் ஓசியில் வந்ததற்கு இவ்வளவு பேச்சா என்பார்களோ என்று நினைத்தாராம். வேறெங்காவது புண் என்றால் வந்த அன்றே காட்டியிருப்பார். அந்த இடத்துப் புண்ணை யாரிடம் காட்டுவது? நம்மிடமும் காட்டவில்லை, மருத்துவரிடமும் காட்டவில்லை, பெற்ற மகளிடமும் காட்டவில்லை. காய்ச்சலில் மேசையோடு சாய்ந்த அன்றுதான் கொக்கியைக் கழற்றினோம். அன்று வந்த வாடை அந்த மேசையருகே நின்ற யாருக்கும் மறக்காது. மருத்துவமனையில் எட்டு நாள் இருந்தார். ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

புண்ணை முன்பே காட்டியிருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னார். சர்க்கரையால் வந்தது என்று ஆலை சொன்னது. இரண்டும் பொய்யில்லை என்பதால் நாங்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கப் பார்த்தோம். தாங்கள் மட்டும் இருக்கவில்லை.

அடுத்த வாரம் மாதிரி அறைக்குள் சாப்பாட்டு அறை நாற்காலி ஒன்றைத் தாங்களே தூக்கிக்கொண்டு போனீர்கள். இனிமேல் உட்கார்ந்தும் பார்ப்பேன், குனிந்தும் பார்ப்பேன், ஒரு முழு ஷிப்ட் போட்டுவிட்டுத்தான் கோடு போடுவேன் என்றீர்கள். நாற்காலியை எடுத்துவிட்டார்கள். தொடர்ந்து வந்த ஒவ்வொரு கம்பி மாதிரிக்கும் 'இல்லை' என்றே போட்டீர்கள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே நகர்த்தப்பட்டது தாங்கள்தான். நூல் பிசிறு வெட்டும் மேசையில் இரண்டு ஆண்டுகள் உட்கார வைத்தார்கள். அப்போதும் எங்களில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறோம்.

அந்த இரண்டு ஆண்டுகளில், செய்தித்தாளைத் தரையில் விரித்து, தங்கள் உடம்பையே அளந்து, கம்பியே இல்லாத ஒன்றை வரைந்தீர்கள். முதலாவது தொங்கியது. இரண்டாவது மார்பை அமுக்கி மூச்சு முட்டச் செய்தது. நாலாவது அக்குளில் அறுத்தது. ஏழாவதுதான் நின்றது: கப் ஒரே துணியாக இல்லாமல் மூன்று துண்டு, உள்ளே தாங்கிப் பிடிக்க இன்னொரு துணி, பக்கவாட்டில் உயரமான பட்டை, இழுபடாத அகல நாடா, பின்னால் நாலு கொக்கி. அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஷிப்ட் முழுவதும் நூல் வெட்டினீர்கள். மாலையில் கழிவறைக் கதவைத் தாழிட்டு எங்களை அழைத்து, நாடா இரண்டையும் இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். ஒன்றும் விழவில்லை. நாங்கள் கைதட்டினோம், தாங்கள் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதீர்கள்.

பிறகு அந்த ஏழாவதற்காகவே தங்களை மாதிரி அறைக்குத் திரும்ப அழைத்தார்கள்; இன்று நம் ஆலையில் அதிகம் தைப்பது அதைத்தான். அதைத் தன் யோசனை என்று மேலாளர் சற்று முன் பேசியதைக் கேட்டு, இந்த வரிகளை இப்போதுதான் ஓரத்தில் எழுதிச் சேர்த்தோம். தாங்கள் புன்னகைத்ததையும் பார்த்தோம்.

அன்னையென ஆதரித்தவரே, அளவறிந்து அணைத்தவரே என்றெல்லாம் முடிக்கத்தான் எண்ணியிருந்தோம். ஆனால் தாங்கள் கேட்டது புகழ்ச்சி அல்ல. "என் கையால போட்ட கோடு" என்று இத்தனை காலம் சொல்லி வந்தீர்கள். கோடு தங்களுடையது, அந்தக் கையைப் பிடித்துத் தள்ளிய குரல் எங்களுடையது. இதைத் தங்கள் முன்னிலையில், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லாமல் தங்களை வீட்டுக்கு அனுப்புவது தகாது. சொல்லிவிட்டோம். இதனால் பாரம் குறையும் என்று பொய்யாக வாழ்த்த மாட்டோம். பங்கு போட்டுக்கொள்ள நாங்கள் இருக்கிறோம் என்று மட்டும் சொல்கிறோம்.

தங்கள் முழங்கால் வலி தணியட்டும். பேரப்பிள்ளைகள் மடியை விட்டு இறங்காதிருக்கட்டும். பகலிலும் இரவிலும் நல்ல உறக்கம் வரட்டும். நூறாண்டு நலமுடன் வாழ்க!

இங்ஙனம்,
கீழே கையெழுத்திட்டுள்ள நூற்றுப்பதினான்கு தோழியர்.

கடைசியாக ஒன்று. சரிபார்க்கும் மேசையில் இருப்பது அந்த இஸ்திரிக்காரம்மாவின் மகள். இம்மடலை அவளிடம்தான் முதலில் படித்துக் காட்டினோம். ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. பேனாவை வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அவங்க வரைஞ்சதத்தான் நான் போட்டிருக்கேன். வலிக்கல. அவங்கமேல கோபமும் இல்ல. ஆனா கையெழுத்து மட்டும் போட முடியல, அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றாள். அவளுக்கு விட்ட இடம் நூற்றுப்பதினான்காவது பெயருக்குக் கீழே அப்படியே இருக்கிறது. உண்மையை எழுதச் சொன்னீர்கள், அக்கா. அதனால் அந்த இடத்தில் வேறு யாரையும் கையெழுத்திட விடவில்லை.