ஜெயித்தால் போகிற வேலை

பிள்ளைகளே, இது நீங்கள் பிறப்பதற்கு முன்பு, தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் நான் கேட்ட பேச்சு. எதிர் சீட்டில் இரண்டு பெண்கள். கல்லூரிக் கைப்பந்து அணியில் ஆடுகிறவர்கள் என்று அவர்கள் பனியனே சொன்னது. உயரமானவள் திடீரென்று சொன்னாள்:

"நாளைக்கு நாம ஜெயிச்சா எனக்கு வேலை போயிடும்டி."

"இன்னாடி உளர்றே?" என்றாள் சிநேகிதி.

"ஒரு கம்பெனி டீம்ல ஆடறதுக்காக எனக்கு ஆபீஸ்ல வேலை குடுத்திருக்காங்கல்ல? திங்கட்கிழமை சேரணும். சேர்ந்து கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் காலேஜுக்கு ஆடக் கூடாது, அதான் ரூல். நாளைக்கு செமிஃபைனல் ஜெயிச்சா, ஃபைனலும் அதே திங்கட்கிழமைதான்."

"ரெண்டு நாள் டைம் கேளு. காய்ச்சல்னு எழுது."

"காய்ச்சல்காரி கப்பு வாங்கற போட்டோ பேப்பர்ல வந்தா?"

சிநேகிதி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப நெஜத்தையே எழுது."

"வேலையே இல்லன்னுட்டா? அப்பா ரிட்டையர் ஆயிட்டாரு. வீட்ல இதை நம்பித்தான் இருக்கோம்."

"நல்லா ஆடறேன்னுதானே வேலை குடுத்தாங்க? ஆடப் போறேன்னா கோச்சுக்குவாங்களா?"

உயரமானவள் பல்லாவரம் வரை யோசித்தாள். பிறகு நோட்டைத் திறந்து, குலுங்குகிற ரயிலிலேயே எழுதினாள். சிநேகிதி அதை வாங்கிச் சத்தமாகப் படித்தாள்:

"ஐயா, எங்கள் கல்லூரி ஜெயித்தால் திங்கட்கிழமை எனக்கு இறுதி ஆட்டம். புதன்கிழமை வேலையில் சேர அனுமதி வேண்டுகிறேன். நீங்கள் தேர்ந்தெடுத்தவள் எப்படி ஆடுகிறாள் என்று மைதானத்துக்கு வந்து பார்க்கவும்."

"டிக்கெட் கிடையாது, சும்மா வரலாம்னும் போடுடி."

உயரமானவள் நோட்டை வாங்கி, அதையும் சேர்த்து எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.