பின்னால் நின்றவள்

— அந்தப் பெட்டியை ஒட்டிடாதே. கன்ட்ரோலர் ரெண்டும் வெளியே கிடக்கு.

— ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்குன்னு நேத்தே பேசியாச்சே.

— கேம் மெஷினை நீ எடுத்துட்டுப் போறே. டிவி எனக்கு. மெஷின் இல்லாம கன்ட்ரோலரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, குழம்பு கிளறவா?

— வேற மெஷின் வாங்கிக்குவீங்க. அதுல உங்க விளையாட்டுக் கணக்கைத் திறந்தா உங்க ஆள், அந்தக் கோடாலிக்காரன், எங்க இருந்தாலும் வந்து நிப்பான். என் ஆளும் உங்க கணக்குக்குள்ளதான் மாட்டிக்கிட்டு இருக்கா. அதனால கேக்கறேன். வண்டி வர்றதுக்குள்ள என் பேர்ல ஒரு ஆள் போட்டுக் குடுங்க.

— இப்பவா?

— வண்டி வர்ற வரைக்கும் நாம வேற என்ன பேசப் போறோம்?

— அதுவும் சரிதான். உக்காரு.

— எதுல? சோபா மேல அக்கா பாத்திரப் பெட்டியை அடுக்கிட்டா. தரையிலயே உக்காருவோம். கொஞ்சம் தள்ளுங்க.

— சின்னவளே, சமையல்கட்டு காலி. இங்க என்ன ரெண்டு பேரும் டிவி முன்னாடி? வீட்டைப் பிரிச்சு எடுத்துட்டுப் போற நாள்ல விளையாட்டா? நல்லா இருக்கு போ.

— எனக்கு ஒரு ஆள் தேர்ந்தெடுக்கறோம்க்கா.

— அதை ஏழு வருஷம் முன்னாடி ஒழுங்கா பண்ணியிருக்கணும்.

— அக்கா, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்.

— இருங்க மாப்பிள்ளை, நான் என்ன இல்லாததையா சொல்லிட்டேன்? மூக்குக்கண்ணாடிக் கடைக்காரங்க இவளைப் புதுக் கிளைக்குப் பொறுப்பா அனுப்பறாங்க, இவ போறா. நீங்க போகாதேன்னும் சொல்லலை, கூட வரேன்னும் சொல்லலை. கொஞ்ச நாள் தனித்தனியா இருந்து பாப்போம்னு ரெண்டு பேரும் மழைக்கு ஒதுங்கினவங்க மாதிரி பேசறீங்க. லிஃப்ட் ரிப்பேர் பண்றவர்னு பேரு. ஏறவும் மாட்டீங்க, இறங்கவும் மாட்டீங்க. எனக்கென்ன, நான் போய்த் துணியை மடிக்கறேன்.

— உங்க அக்கா வாயை ஒரு பெட்டியில போட்டு ஒட்ட முடியாதா?

— அவ்வளவு பெரிய பெட்டி கிடைக்கலை. சரி, ஆரம்பிங்க. விளையாட்டுல வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கறானே, அந்த வாசல்காரனை இன்னிக்கு நான் தனியா அடிக்கணும்.

— வாசல்காரனையா? அவன் முதல்ல வர்ற பெரிய எதிரிதான், ஆனா சரியான மூர்க்கன். எதுக்கு இந்த வீம்பு?

— வீம்பு இல்லை, பயம். நாளன்னிக்குக் கடைச் சாவி என் கையில. ஆறு பேர் நான் என்ன சொல்வேன்னு என் வாயைப் பாத்துட்டு நிப்பாங்க. விளையாட்டுலகூட ஒரு வாசலைத் தனியா தாண்டாதவ அங்க போய் எதைக் கிழிக்கப் போறேன்னு ராத்திரி எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கு. தாண்டிட்டேன்னா நிம்மதியா வண்டியில ஏறுவேன்.

— தாண்டலேன்னா?

— அப்பவும் ஏறத்தான் போறேன். நடுங்கிக்கிட்டே ஏறுவேன்.

— சரி, குடு. ஹீலரே போட்டுடறேன். கை பழகினது.

— தனியா போறவளுக்கு ஹீலர் எதுக்கு? யாருக்கு வைத்தியம் பாக்கறது?

— அப்போ கோடாலி.

— வேண்டவே வேண்டாம். நீங்க அதைத் தலைக்கு மேல தூக்கறதுக்குள்ள எதிரி வந்து நலம் விசாரிச்சுட்டுப் போயிடறான். பின்னாடி நின்னு பாத்துட்டுத்தானே இருந்தேன்.

— விழுந்தா பெரிய அடி.

— விழுந்தா.

— வில்லு?

— அம்பு தீந்து போனா?

— போய் வாங்கணும்.

— சண்டைக்கு நடுவுலயா? வேற சொல்லுங்க.

— ரெட்டைக் கத்தி இருக்கு. ஆனா எதிரி மூச்சுக் காத்து முகத்துல படற தூரத்துல நின்னு ஆடணும். உனக்கு ஆகாது. இதோ பார், ஈட்டி. ஒரு கையில ஈட்டி, ஒரு கையில கேடயம். கேடயத்தை இறக்காமலே அதுக்குப் பின்னாலிருந்து குத்தலாம். அவன் கை உன்னைத் தொடறதுக்கு முன்னாடி உன் ஈட்டி அவனைத் தொட்டுடும். ஒரு குத்து, ரெண்டு அடி பின்வாங்கல். புதுசா ஆடறவங்களுக்கு இதுக்கு மேல ஒண்ணு கிடையாது.

— இவ்வளவு நல்லதை இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?

— நீ ஆயுதமே கேட்டதில்லையே. இப்போ பாயின்ட்டைப் பிரிச்சுப் போடணும். உயிர், வலு, மூச்சு, மந்திரம்.

— எல்லாத்தையும் வலுவுல கொட்டிடவா? நீங்க அப்படித்தானே பண்ணினீங்க.

— அது தப்பு. முதல்ல உயிர்ல போடு. அடிக்கத் தெரியற வரைக்கும் அடி தாங்கணும். மிச்சத்தை மூச்சுல போடு. மூச்சு தீந்துட்டா கேடயமும் தூக்க முடியாது, ஓடவும் முடியாது. வலுவுக்கு என்ன அவசரம், பின்னாடி சேத்துக்கலாம். மந்திரத்துல ஒண்ணுகூடப் போடாதே.

— இவ்வளவு தெரிஞ்சவர் ஏன் வலுவுல கொட்டினீங்க?

— எனக்கு உயிர் ஏத்தறதுக்குத்தான் நீ இருந்தியே.

— ம். இருங்க, படத்துக்குக் கீழே சின்னச் சின்னதா நட்சத்திரம் தெரியுதே, அது என்ன?

— அது சும்மா. தாண்டிப் போ.

— ஈட்டிக்கு ஒண்ணு. கோடாலிக்கு ரெண்டு. வில்லுக்கு மூணு. எவ்வளவு கஷ்டம்னு காட்டறதா?

— அப்படித்தான் இருக்கும்.

— ஹீலருக்கு அஞ்சு.

— வண்டி வந்துடப் போகுது, சீக்கிரம் ஓகே குடு.

— வரட்டும். நாள் முழுக்க அடுத்தவங்களை உக்கார வச்சு, கடைசி வரி தெரியுதா, கடைசி வரி தெரியுதான்னு கேக்கறவ நான். இந்தக் கடைசி வரியைப் படிங்க.

— நீயே படிச்சிட்டே இல்லே.

— உங்க வாயால படிங்க.

— புதிதாக ஆடுபவர்கள் இவரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

— அன்னிக்கும் இதே பக்கம்தானே? அன்னிக்கும் படிச்சது நீங்கதானே? கல்யாணம் ஆன புதுசு, கன்ட்ரோலரை எப்படிப் பிடிக்கறதுன்னுகூட எனக்குத் தெரியாது. இருக்கறதுலயே சுலபம் ஹீலர்தான், சும்மா பின்னாடி நில்லுன்னீங்க.

— ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னது.

— நீங்க ஒவ்வொரு தடவை செத்து விழும்போதும் என்ன சொன்னீங்க? இவ்வளவு சுலபமானதுகூட வரலையா, உன் கை என்ன மரக்கட்டையான்னீங்க. நானும் நம்ம கை மரக்கட்டைன்னே முடிவு பண்ணிட்டேன். ஸ்கூட்டர் கத்துக்கச் சொன்னாங்க, மாட்டேன்னேன். இந்தப் பொறுப்பையே போன வருஷமும் குடுத்தாங்க. வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன்.

— போன வருஷமா? என்கிட்ட சொல்லவே இல்லையே.

— சொல்லி? இன்னொரு தடவை கேக்கறதுக்கா, மரக்கட்டைன்னு?

— விளையாட்டுல சொன்னதை நீ இப்படி எடுத்துக்குவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— விளையாட்டைத் தவிர நாம வேற எங்க பேசினோம், சொல்லுங்க.

— சின்னவளே, திரைச்சீலையைக் கழட்டட்டுமா, இவருக்கு விட்டுடறதா?

— விட்டுடுக்கா. வெயில் முகத்துல அடிச்சா இவருக்குத் தூக்கம் போயிடும்.

— இதுக்கொண்ணும் குறைச்சல் இல்லை.

— ஆரம்பிக்கிறேன். நீங்க கன்ட்ரோலரைத் தொடக் கூடாது. வாயால சொல்லலாம்.

— கேடயத்தைத் தூக்கு. அவன் சங்கிலியைச் சுழட்டி முடிக்கட்டும். இப்போ குத்து. குத்து. ஏன் நிக்கறே? வலது பக்கம் உருளு. அய்யோ, அவன் எதிர்ல பொம்மை மாதிரி நிக்கறியே. போச்சு.

— போச்சு.

— அவன் முதுகைக் காட்டிட்டு நின்னான். ஒரு குத்து குத்தக் கூடாதா? எங்க பாத்துக்கிட்டு இருந்தே?

— உங்களை.

— நான்தான் அதுல இல்லையே.

— தெரியும். கண்ணு தானா இடது ஓரத்துக்குப் போகுது. உங்க உயிர்க் கோடு அங்கதானே இருக்கும். எவ்வளவு மிச்சம் இருக்கு, எப்போ மருந்து போடணும்னு பாத்துப் பாத்து, எனக்குன்னு ஒரு கோடு இருக்கறதே மறந்து போச்சு.

— அது மேல இருக்கு. பச்சையா.

— பாத்தேன். சாகறப்போதான் பாத்தேன். இன்னொரு தடவை. இந்தத் தடவை நீங்க பேசாதீங்க.

— ஒண்ணே ஒண்ணு. உன் அடி அவன் மேல விழுந்துட்டா இன்னும் ஒண்ணு சேத்து அடிப்போம்னு ஆசைப்படாதே. அங்கதான் எல்லாரும் சாவாங்க.

— எல்லாரும் இல்லை, நீங்க. பாருங்க, இடது காலை மடக்கறான். இப்போ சங்கிலி வரும். வந்துச்சா? கேடயம். ஒரு குத்து. இப்போ பெருமூச்சு விடுவான், அப்போ ரெண்டு குத்தலாம். இருங்க, ஓடி வரப் போறான், வலது தோள் இறங்குது. தள்ளிக்கிட்டேன். மறுபடியும் இடது கால்.

— இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

— உங்களுக்கு எப்போ அடி விழும்னு முன்னாடியே தெரிஞ்சாத்தானே மருந்தை நேரத்துக்குப் போட முடியும்? நீங்க அவனை அடிச்சுக்கிட்டு இருந்தீங்க. நான் அவனைப் பாத்துக்கிட்டு இருந்தேன். பெருமூச்சு விட்டான். ஒண்ணு. ரெண்டு. விழுந்துட்டான்.

— விழுந்துட்டான்.

— கதவு திறக்குது பாருங்க.

— பாக்கறேன்.

— என்ன, ஒரு மாதிரி ஆயிட்டீங்க? ஒரு சபாஷ் கூடக் கிடையாதா?

— நான் அவனைத் தனியா அடிச்சதே இல்லை.

— என்னது?

— கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வருஷம் அந்த வாசல்லயே கிடந்தேன். யார்கிட்டயும் சொல்லலை. ஹீலர் ஒருத்தர் கூட இருந்தா தாண்டிடலாம்னு எங்கேயோ படிச்சேன். நீ வந்தே. கஷ்டம்னு சொன்னா நீ வேற எதையாவது எடுத்துடுவியோன்னு பயம். அஞ்சு நட்சத்திரத்தை மறைச்சுத்தான் படிச்சேன்.

— இதை இன்னிக்குச் சொல்றீங்க. வீட்டை மூட்டை கட்டினப்புறம்.

— நீ போறதைத் தடுக்கறதுக்காகச் சொல்லலை.

— அது தெரியும். தடுக்கறவரா இருந்தா போன வாரமே தடுத்திருப்பீங்க.

— சின்னவளே, வண்டி வந்தாச்சு. டிரைவர் வாசலை மறிச்சு நிறுத்தியிருக்கான், பின்னாடி வர்றவன் எல்லாம் ஹார்ன் அடிக்கறான். மாப்பிள்ளை, அந்தப் பாத்திரப் பெட்டிக்கு ஒரு கை குடுங்க. குடுக்கறதுன்னா இப்பவே.

— வரேன்க்கா. ஒரு நிமிஷம்.

— உங்க ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதா? நான் லிஃப்ட்டைப் பிடிச்சு வைக்கிறேன்.

— மெஷினைக் கழட்டவா?

— கழட்டுங்க. வயரைச் சுருட்டி அதோடயே வைங்க.

— அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் சதுப்பு நிலம். தனியா போறது சிரமம். துணைக்கு ஆள் கூப்பிட அங்க ஒரு மணி தொங்கும். நானும் ஒரு மெஷின் வாங்கிடுவேன். நீ அடிச்சா வந்துடுவேன்.

— அடிப்பேனான்னு தெரியலை.

— வாரத்துல ஒரு நாள். அவ்வளவுதான். நீ வேலை முடிச்சு வந்தப்புறம்.

— அடிச்சாலும் அந்தக் கோடாலிக்காரன் வேண்டாம். என் ஈட்டிக்கு நடுவுல வந்து நிப்பான். புதுசா ஒரு ஆள் போட்டுக்கிட்டு வாங்க. ஹீலர்.

— ஹீலரா? நானா? எனக்கு அது வராதே.

— எனக்கும்தான் வரலை. ஏழு வருஷம் பண்ணினேன்.